எண்பத்தேழு கிலோ ரவிகுமார்

என் அக்கா ஷோபாவின் வீட்டுக்காரர் ரவிகுமார் மாமா. எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் விடிகாலை ரயிலேறி, பெங்களூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வருகிறவர். போக வர அவர் பேசுவது ஒரே விஷயம்தான்: ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் தான் முதல் அணி என்பது.

அந்தக் குழுவில் அணி பிரிப்பது பவர் மீட்டர். பெடலை மிதிக்கும் வேகத்தையும் அழுத்தத்தையும் சேர்த்து வாட் கணக்கில் காட்டும் கருவி அது. வாட்டை உடல் எடையால் வகுத்தால் கிலோவுக்கு மூன்று வரவேண்டும். வராதவர்களுக்கு இரண்டாம் அணி. அதற்குத் தலைவி ஷோபா அக்கா. பெண்டாட்டிக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டுவதைவிட ஓட்டாமலே இருக்கலாம் என்பது மாமாவின் கொள்கை. அதனால் அந்தக் கணக்கைப் போடும் கைபேசிச் செயலியில் எழுபத்திரண்டு கிலோ என்று பதிந்து வைத்திருந்தார். கல்யாணத்தின்போது அவர் இருந்த எடை அது.

குழுவை நடத்தும் வினோலியா, எல்லோரும் எடை பார்த்துத் தராசின் படத்தோடு அனுப்பவேண்டும் என்று திடீரென்று சொல்லிவிட்டாள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, வீட்டில் உட்காரப் பிடிக்காமல் திரிந்த என்னைப் படம் பிடிக்க அழைத்துக்கொண்டு, ராமசாமியின் அரிசிக் கடைக்குப் போனார் மாமா.

தராசில் எது ஏறினாலும், உள்ளே பில் போடும் மனைவி ராஜத்துக்குக் கேட்கும்படி கத்துவது ராமசாமியின் வழக்கம். மாமா செருப்பைக் கழற்றினார். பர்ஸை என்னிடம் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

“எண்பத்தேழூ!”

“பொன்னியா, சோனா மசூரியா?” என்றது ராஜத்தின் குரல்.

“நம்ம ரவிகுமாரு!”

எதிர்க்கடையிலும் சிரித்தார்கள்.

“மெதுவா சொல்லக் கூடாதாண்ணா?” என்றார் மாமா.

“மெதுவா சொன்னா எடை கொறஞ்சிடுமா?”

திரும்பும் வழியில் மாமாவுக்கு ஒரு யோசனை உதித்தது. “பாத்தியாம்மா, சாக்கு எடைய கழிச்சிட்டுத்தான அரிசிக்குக் காசு வாங்குறாரு? எம்மேல ஏறின பதினஞ்சு கிலோவும் சாக்குதான். தராசுல பூஜ்யம் வைக்கிற மாதிரி மீட்டர்லயும் பூஜ்யம் வச்சு கழிச்சிட்டா போச்சு.”

“மாமா, பூஜ்யம் வைக்கும்போது பெடல்ல கால் இருக்கக் கூடாது. அதுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்ல.”

“நீ பிளேன்ல சுத்தினவ. சைக்கிள பத்தி உனுக்கு இன்னா தெரியும்?”

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, ஒரு பெடலின் மேல் முழு உடம்போடு ஏறி நின்று பூஜ்யத்தை அழுத்தினார். மறுநாள் மாரிகுப்பம் வரை போய்விட்டு வேர்வையில் தொப்பலாக நனைந்து வந்தார்.

“இன்னாடி இது! நான் மிதிக்கவே இல்லன்னு சொல்லுது! வழியெல்லாம் ஜீரோ!”

அக்கா சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. “இன்னாங்க, மொத்த ஒடம்பையும் ஒண்ணுமில்லன்னு நீங்களே அதுக்குச் சொல்லிட்டீங்க. இப்ப வாட்டு கேட்டா எங்கருந்து வரும்?”

பெடலைச் சும்மா தொங்கவிட்டு அவளே பூஜ்யம் வைத்தாள். கைபேசியில் எண்பத்தேழு என்று பதிந்தாள். மாமா இன்னொரு சுற்று போய் வந்தார். அதே கால், அதே பழைய வாட். கிலோவுக்கு மட்டும் இரண்டரை. மாமா சைக்கிளைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“உன் பின்னாடியா நான் வரணும்?”

“வாங்க, கடிச்சிட மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்கலம் ரோட்டில் எதிர்க்காற்று பிய்த்தது. இரவல் சைக்கிளில் நானும் சேர்ந்துகொண்ட இரண்டாம் அணியில் ஆளாளுக்குத் திணறினோம். கடைசி ஆளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த மாமாவை அக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் அகலத்தை ஒரு நிமிடம் கண்ணால் அளந்தாள்.

“இன்னாங்க, நீங்க முன்னாடி போங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி நாலு பேரு காத்து படாம வரலாம்.”

மாமா நம்பாமல் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகத் தாண்டி முன்னே போனார். சமதரையில் எண்பத்தேழு கிலோ அவரை ஒன்றும் செய்யவில்லை. ஐந்து பெண்களும் இரண்டு பென்ஷன்காரர்களும் அவர் நிழலில் சுகமாக மிதித்தோம்.

“கொஞ்சம் நிமுந்து ஓட்டுங்க!” என்று பின்னாலிருந்து அக்கா கத்தினாள். “எனுக்குக் காது குளிருது!”

மாமா நிமிர்ந்தார். யாரும் கேட்காமலே முழங்கைகளையும் விரித்துக்கொண்டார்.