பனியன் துணிக்குள் பழுத்த முலாம்பழம்

அம்மா எங்களை விட்டுப் போவதற்கு முந்தைய மாதங்களில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது முலாம்பழம் ஒன்றைத்தான்.

கோயம்புத்தூருக்குப் போய் கீமோ ஏற்றிக்கொண்டு வரத் தொடங்கிய பிறகு சோறு, ரசம், இளநீர் எல்லாமே இரும்பைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று தட்டை நகர்த்திவிடுவாள். தாளிக்கிற வாசனைக்கே குமட்டியது. கடையில் வாங்கி வந்த முலாம்பழத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வேண்டாங் கண்ணு" என்றாள். மொட்டை மாடியில் நான் வளர்த்த கொடியில் ஒரு காய் நின்றிருந்தது. அதைப் படம் எடுத்துக் காட்டினேன். செல்போனைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது பழுத்தா ஒரு துண்டு தின்னு பாக்கறேன்."

அந்த ஒரு துண்டு. அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சன்டைசர் வேலை எனக்கு. துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்புகிற இடைவெளிகளில் முலாம்பழ வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். தர்பூசணி என்றால் தட்டிப் பார்க்கலாம், இதற்குத் தட்டுவது உதவாது. தோலில் பச்சை மங்கி மஞ்சள் ஓட வேண்டும். அடிப்பக்கம் முகர்ந்தால் இனிப்பாக மணக்க வேண்டும். எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம், காம்பு தானாகவே விட்டுவிடும் என்பது. பறிக்கவே வேண்டியதில்லை. அதற்கு முன்னால் பறித்துவிட்டால் பழம் மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு ஏறாது.

அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற டெய்லர். நான் மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தானா வுட்டா கீழ உழுந்து ஒடைஞ்சிருமே கண்ணு?"

"தூளி மாதிரி கட்டித் தொங்க விடணுமாம்ப்பா."

வீடியோவில் வலைப்பை கட்டியிருந்தார்கள். திருப்பூரில் இருந்துகொண்டு யாராவது வலை தேடிப் போவார்களா? மறுநாளே கட்டிங் வேஸ்ட்டில் இருந்து கழுத்துப்பட்டிக்கு வைக்கிற, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற ரிப் துணியில் ஒரு துண்டு எடுத்து வந்தார். நேவி புளூ. இழுத்து இழுத்துப் பார்த்துப் பை தைத்து, வாயில் நாடா கோத்தார். அணில் கடிக்காமல் இருக்கக் காய் முழுவதையும் உள்ளே விட்டு, நாடாவைக் காம்புக்கு மேலே கொடியோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டு, பையின் பாரத்தைப் பந்தல் கம்பியில் கட்டினார்.

அதையும் படம் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். "ஏனுங்க, பழத்துக்கு ஜட்டி தச்சுப் போட்டுட்டீங்களா?"

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி அம்மிணி. சைஸ் சரியா இருக்குதா பாரு."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் மாடிக்கு ஓடுவேன். கட்டியது கட்டியபடி தொங்கும். லேசாகத் தூக்கிப் பார்ப்பேன், கையோடு வராது. மூக்கை வைத்து முகர்ந்தால் சாஃப்ட்னர் போட்ட புதுப் பனியன் வாசம். கீழே வந்ததும் அம்மா கேட்பாள்.

"காம்பு வுட்டுருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"செரி, பழுக்கட்டும். அதுக்கென்ன அவசரம்."

எனக்குத்தான் அவசரம். அறுத்துவிடலாம் என்று ஒருநாள் கத்தியோடு கிளம்பினேன். அப்பா விடவில்லை. "அரைக்காயக் குடுத்து, அதும் சப்புன்னு இருக்குதுன்னு ஆயிருச்சுன்னா? அப்பறம் உங்கம்மா கேக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார். கத்தியைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டேன்.

பிறகு அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். சில நாட்கள் மாடிப்பக்கம் யாரும் போகவில்லை. இனி கூட்டி வர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மாவைக் கட்டிலில் விட்டதும் அப்பா நேராக மாடி ஏறினார். நான் பின்னாலேயே போனேன்.

"பழுத்தாலுஞ் செரி, பழுக்காட்டியுஞ் செரி" என்றபடி முடிச்சை அவிழ்த்தார். பை அடியில் நனைந்திருந்தது. துணியை விலக்கியதும் பழம் அவர் கைக்குள் வந்துவிட்டது. காம்பு எப்போதோ விட்டிருந்தது. நுனி காய்ந்து கருத்துப் போயிருந்தது. வலையாக இருந்தால் பழம் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ரிப் துணி அதை இறங்கவே விடாமல், விட்ட காம்போடு சேர்த்தே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நான் கடைசியாகத் தூக்கிப் பார்த்த காலையிலும் உள்ளே அது கழன்றுதான் கிடந்திருக்க வேண்டும்.

மாடி முழுக்க இனிப்பு வாசம். அதற்கு அடியில் புளிப்பு. அப்பா பழத்தைப் பிட்டு, நல்லதாக ஒரு துண்டாவது தேறுமா என்று விரலால் வழித்து வழித்துப் பார்த்தார். சாறு முழங்கை வரை ஒழுகியது.

"இந்தப் பக்கம் பரவால்ல கண்ணு."

"வேண்டாம்ப்பா. நொதிச்சிருச்சு. அம்மாவுக்கு இப்ப இது சேராது."

"நல்லா இழுவை குடுக்கற துணியாப் பாத்துத்தான எடுத்தேன்" என்றார், என்னிடம் அல்ல.

கீழே அம்மா விழித்துத்தான் இருந்தாள். "காம்பு வுட்டுருச்சுங்களா?"

"இன்னும் ரண்டு நாள் போகட்டும் அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை.

"உங்க கை மணக்குதுங்க."

அப்பா கையைப் பின்னால் இழுத்தார்.

"கொண்டாங்க இப்பிடி."

அவர் உள்ளங்கையை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். குமட்டப் போகிறது என்று நான் வாந்திக்கு வைத்திருந்த பேசினை எடுத்துக்கொண்டு ஓடினேன். குமட்டவில்லை. மெதுவாக மூச்சு இழுத்தாள், விட்டாள், மறுபடியும் இழுத்தாள்.

"நல்லாத்தான் இனிச்சிருக்கும்" என்றாள்.

அவள் தூங்கிய பிறகு, கை கழுவிவிட்டுச் சாப்பிட வரச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டேன். அவள் முகத்தருகே இருந்த கையை அவர் எடுக்கவில்லை.

"இருக்கட்டுஞ் சாமி" என்றார்.