ஒழுகும் என்ற சொல்

எங்கள் வீட்டில் குழாய் ஒழுகாது, சொட்டும். மழைக்காலத்தில் கூரை ஒழுகாது, தண்ணீர் இறங்கும். பால் பாக்கெட்டில் ஓட்டை இருந்தால் ‘பால் போகுது’ என்பாள் என் மனைவி. ‘ஒழுகுது’ என்று அவள் சொல்லிக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நானும் வீட்டில் சொல்வதில்லை. அலுவலகத்தில்கூட, நிருபர் அனுப்பிய செய்தியில் பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் வேறு சொல் போட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநின்றவூரில் வாடகைக்கு இருந்தோம். காலையில் இருவரும் ஒரே ரயிலில் ஏறுவோம். அவள் அம்பத்தூரில் இறங்கித் தொழிற்பேட்டைக்கு நடப்பாள். நான் நகரத்துக்குப் போவேன். ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். பிழை பார்ப்பதும் தலைப்புப் போடுவதும் என் வேலை. அவள் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். கூடவே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தாள்.

மொட்டைமாடி வெயிலில், உள்ளே தண்ணீரின் பாரத்தோடு நிற்கும் தொட்டி எத்தனை ஆண்டு வடிவம் மாறாமல் இருக்கும் என்பது அவள் ஆராய்ச்சி. பிளாஸ்டிக் பார்வைக்குக் கெட்டி. ஆனால் பாரம் ஏற்றிவைத்தால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பாய்ந்துகொண்டே இருக்கிறது என்பாள். எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் காலை இடியாப்பத் தட்டை என் முன்னால் நகர்த்தினாள்.

“வெடுக்குனு இழுங்க.”

இழுத்தேன். அறுந்தது.

“இப்ப மெதுவா.”

இந்த முறை இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நீளமாக வந்தன.

“அவ்வளவுதான் என் தீசிஸ். சாப்பிடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு.”

ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனம் ஓடியது. அவளுக்கு வேண்டியது மொட்டைமாடிச் சூடு. எங்கள் பின்னறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. முதலாளியிடம் அனுமதி வாங்கி, பன்னிரண்டு பிளாஸ்டிக் பட்டைகளையும் இரும்பு எடைகளையும் அளவெடுக்கும் லென்ஸையும் வீட்டுக்கே கொண்டுவந்தாள். பட்டைகளைக் கூரைச் சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எடை. ஒவ்வொன்றிலும் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மெல்லிய கோடுகள். அந்த இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்பதை இரண்டு ஆண்டுகள் அளக்க வேண்டும். நிறுவனம் கடிதம் கொடுத்தால்தான் அந்தக் கணக்கை ஆய்வேட்டில் சேர்க்க முடியும் என்பது ஒப்பந்தம்.

ஞாயிறுதோறும் காலையில் அவள் லென்ஸில் கண்ணை வைத்து எண்களைச் சொல்வாள். நான் நோட்டில் எழுதுவேன். பட்டை நீண்டிருந்தால் ‘நடந்திருக்கு’ என்பாள். ஒன்று மட்டும் நீளாமலே தொங்கியது. “இது மாப்பிள்ளை மாதிரி, அசையவே மாட்டேங்குது” என்று என்னைப் பார்த்தாள். நான் எழுதிய நோட்டுகளிலேயே ஒரு பிழையும் இல்லாதது அதுதான்.

ஓர் ஆண்டு ஏழு மாதம் அப்படிப் போயிற்று.

ஒரு வாரம் ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் அரைப்பக்க விளம்பரம் கடைசி நேரத்தில் விலகியது. இடத்தை நிரப்ப வேண்டும். அவள் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டேன். முடியாது என்றாள்; முடிவு வராமல் எழுதக் கூடாது என்றாள். இது முடிவு இல்லை, அறிமுகம்தானே என்றேன். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தாள்.

வாக்கைக் காப்பாற்றினேன். கட்டுரைக்குள் கைவைக்கவில்லை. அவள் வைத்திருந்த தலைப்பு ‘திண்மப் பொருள்களில் பாய்வு’. அதை யார் படிப்பார்கள்? தலைப்பு எப்போதும் எங்கள் மேசையின் பொறுப்பு. ‘கெட்டிப் பிளாஸ்டிக்கும் ஒழுகும்’ என்று போட்டேன். ஒழுகுதல் என்றால் பழைய தமிழில் பாய்தல். நல்ல சொல்லை மீட்டுக்கொண்டுவந்த பெருமை எனக்கு. கோப்பில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டிப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். கட்டுரையின் அடியில் அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தேன். படிப்பவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று.

ஞாயிறு காலை அவள் நின்றபடியே படித்தாள்.

“‘பாய்வு’ன்னுதானே எழுதினேன்?”

“உள்ளே அப்படியே இருக்கு. தலைப்பு மட்டும்தான் என்னுது.”

“தலைப்பை மட்டும்தான் படிப்பாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க?”

ஒழுகுதலின் பழைய பொருளை விளக்கினேன். ஒழுக்கம் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மழை வந்தா நம்ம பின்னறை என்ன பண்ணுது?”

“ஒழுகுது” என்றேன்.

அவள் லென்ஸை எடுத்தாள். அன்றைய அளவுகளை மட்டும் எடுத்தோம்.

திங்கட்கிழமை நிறுவனத்துக்குக் கடைக்காரர்களின் தொலைபேசி ஓயவில்லை. பூந்தமல்லி வியாபாரி ஒருவர் பேசியதை அவள் சொன்னாள்: “இன்னா சார், உங்க டேங்க் ஒழுகும்னு உங்க ஆபீஸ் அம்மாவே பேப்பர்ல எழுதிக்கீறாங்க. வாங்கினவன் அத்தனை பேரும் கடை வாசல்ல நின்னுகினு கீறான்.”

அவள் கண்டது அதற்கு நேர் எதிரானது. அந்தப் பட்டைகள் மிக மெதுவாகவே நடந்தன. தொட்டி பல்லாண்டு தாங்கும் என்பதுதான் கட்டுரையின் கடைசிப் பத்தி.

நான் மறுநாளே திருத்தம் வெளியிட்டேன். ‘ஒழுகும் என்பதைப் பாயும் எனத் திருத்தி வாசிக்கவும்.’ உள்பக்கத்தில் இரண்டு வரி. அதே வியாபாரி மறுபடி பேசினாராம்: “இப்ப பாயும்னு போட்டுக்கீறான். மாடிலேர்ந்து எங்க சார் பாயும், ரோட்டுக்கா?”

முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவள் விளக்கினாள். “எனக்குப் புரியுதும்மா. கடைக்காரனுக்குப் புரியணுமே” என்றார். நிறுவனப் பொருள் எதுவும் இனி வெளியே இருக்கக் கூடாது என்றார்.

சனிக்கிழமை ஜீப் வந்தது. ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னறை வாசலில் தயங்கினார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். மொதலாளி எல்லாத்தையும் எடுத்துகினு வர சொல்லிட்டாரு. நான் இன்னா பண்றது?” மேலே அண்ணாந்து பார்த்தார். “இந்தப் பட்டைக்கா மேடம் இம்மாம் அமர்க்களம்? எங்க ஊட்ல துணி கொடி கட்டக்கூட ஆவாது.”

“பத்து நிமிஷம் இருங்க” என்றாள்.

நான் நோட்டை எடுக்கப் போனேன். அது அவள் கையில் இருந்தது. லென்ஸில் பார்த்தாள், எழுதினாள், பார்த்தாள், எழுதினாள். பன்னிரண்டும் முடிந்தது. எந்த எண்ணையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு எடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள்.

“பேசிப் பார்த்துத் திரும்ப வாங்கி மாட்ட முடியாதா?” என்றேன்.

“எடுத்ததும் கொஞ்சம் சுருங்கிக்கும். மறுபடி மாட்டினா முதல் நாள்லேர்ந்துதான்.”

கடிதம் கிடைக்கவில்லை. பதிவு காலாவதியானது. அவள் வேலையை விட்டு, ஆவடியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். என்னைத் திட்டவில்லை. சாப்பாடு அதே நேரத்துக்கு வந்தது. ரயிலிலும் ஆவடி வரை பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வேலையைப் பற்றி மட்டும் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பள்ளியில் என்ன நடந்தது என்றுகூடச் சொன்னதில்லை. கூரைச் சட்டத்தில் பன்னிரண்டு கொக்கிகளும் நாங்கள் காலி செய்யும்வரை இருந்தன.

தொண்ணூறுகள் முடிவதற்குள் நூம்பலில் சின்னதாக வீடு கட்டினோம். தொட்டி வாங்கக் கரையான்சாவடிக்குப் போனோம். கடைக்கார பாய் வரிசையாகக் காட்டினார். அவள் ஒன்றின் முன்னால் நின்றாள். பழைய நிறுவனத்தினுடையது.

“அது வேணாம்மா. முன்ன ஒரு வாட்டி பேப்பர்லயே வந்திச்சி, ஒழுகும்னு.”

நான் சாலையில் போகும் பஸ்ஸைப் பார்த்தேன்.

“அதையே குடுங்க பாய். அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“எப்பிடிம்மா அவ்ளோ கரீட்டா சொல்ற?”

“தெரியும்” என்றாள்.

அடுத்த கோடையில் தொட்டியைக் கழுவ நான் மேலே ஏறினேன். கைப்பிடிச் சுவரைப் பார்த்த பக்கத்தில், பாரம் அதிகம் விழும் அடிப்பகுதியில், ஊசியால் கீறிய இரண்டு மெல்லிய கோடுகள் இருந்தன. மேலே அவள் கையெழுத்தில், தொட்டியை ஏற்றிய நாளின் தேதி. கீழே போய் மர ஸ்கேலை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். பத்து சென்டிமீட்டர். அதற்கு மேல் கூடியிருக்கிறதா என்று சொல்ல அந்த ஸ்கேலால் முடியாது. என் கண்ணாலும் முடியாது. லென்ஸ் ஜீப்பில் போய்விட்டது. நோட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கீழேயிருந்து அவள் குரல் கேட்டது.

“வால்வுகிட்ட பாருங்க, சொட்டுதா?”

“இல்லை” என்றேன்.