காதர் பாட்சா ஆறு டயருக்குக் காற்றடித்த கதை

விருதுநகரில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்யும் காதர் பாட்சாவுக்கு லாட்ஜ் கட்டிலில் தூக்கம் வராது. ஆனால் ஊர் சுற்ற ஆசை. அதனால் ஐம்பத்தெட்டாவது வயதில் பழைய கேரவன் ஒன்றை வாங்கிவந்துவிட்டார். உள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. மனைவி பல்கீஸ் ஏறிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு அடுப்படியே இதைவிடப் பெருசு. அங்கனயே இருந்துக்கிடலாம்ல?" என்றார்.

காதர் பாட்சா எந்தச் சாமானையும் அதனோடு வரும் புத்தகத்தைப் படிக்காமல் தொட மாட்டார். கேரவனுக்கென்று ஆன்லைனில் வாங்கிய சின்னக் காற்றடிக்கும் கம்ப்ரசரின் புத்தகம் அவருக்கு மனப்பாடம். பத்து நிமிடம் ஓட்டினால் பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும். ஓட்டும்போது வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயம் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. டீசல் வீண்.

கன்னியாகுமரிக்குக் கிளம்பிய அன்று காலை, சாத்தூரைத் தாண்டியதும் ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து கத்தினார். "பாய், டயரெல்லாம் சப்பிப் போய்க் கெடக்கு!"

இரண்டு மாதம் ஷெட்டில் சும்மா நின்ற வண்டி. ஆறு டயரிலும் காற்று இறங்கியிருந்தது. ஓரம் கட்டினார்கள். நூறடி தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். வாசலில் 'காற்று இலவசம்' என்று பலகை.

"அங்கன போயிருவோமே," என்றார் பல்கீஸ்.

"அப்ப இந்த மெஷினை எதுக்கு வாங்குனேன்?"

இன்ஜினை அணைத்து, பேட்டரியில் கிளிப்பை மாட்டி, சுவிட்சைப் போட்டார். அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் அத்தனை சத்தம் எங்கே இருந்ததோ தெரியவில்லை. பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த சோணைமுத்து கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பத்து நிமிடம் கழித்துச் சத்தம் நின்றதும் மெல்லத் திரும்பி வந்தார்.

"பாய், இது வெடிக்காதுல்ல? நான் இருபது வருசம் பட்டாசுக் கம்பெனியில இருந்தவன். எனக்கு இந்தச் சத்தம் சரியாப் படல."

"புத்தகத்துல அப்படி எதுவும் போடல," என்றார் காதர் பாட்சா.

மெஷின் ஆறுகிற நேரமெல்லாம் பல்கீஸ் டீ போட்டார். டீ வாசத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. மூன்றாவது டயரில் எட்டுப் பேர். ஐந்தாவதில் பதினைந்து பேர். பத்திரகாளி என்ற அம்மா, கண் டெஸ்ட் எடுக்கிற வண்டி என்று நினைத்து உள்ளே ஏறிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பல்கீஸ் அவருக்கும் ஒரு டம்ளர் டீ கொடுத்துவிட்டு, கூட்டத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

பங்கில் வேலை பார்க்கும் பாண்டிலட்சுமி இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். "ரெண்டு நிமிசத்துல அடிச்சிரலாம், வாங்க பாய்."

"இல்லம்மா, இன்னும் ஒண்ணுதான்." குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. உள்பக்க டயருக்குக் காற்றடிக்கப் படுத்துக்கொண்டே நுழைந்திருந்தார். வெளியே செருப்பு மட்டும் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஆறு டயரும் கிண்ணென்று நின்றன. கூட்டம் கை தட்டியது. காதர் பாட்சா மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

டிக். அவ்வளவுதான். பேட்டரியில் இருந்ததையெல்லாம் மெஷின் குடித்துவிட்டிருந்தது.

"ஏலே, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்கலே!" என்றார் சோணைமுத்து. டீ குடித்த அத்தனை பேரும் தள்ளினார்கள். வண்டி நூறடி உருண்டு, சரியாகப் பங்க் வாசலில் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. அங்கே பாண்டிலட்சுமி ரப்பர் குழாயோடு நின்றாள்.

"காத்துப் பிடிக்கணுமா, பாய்?"

பல்கீஸ் சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது. காதர் பாட்சா நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

கோவில்பட்டிக்குள் நுழையும்போது பின்னாலிருந்து கொட்டாவிச் சத்தம் கேட்டது. "டாக்டர் வந்துட்டாகளா?"

கட்டிலில் நன்றாகத் தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தார் பத்திரகாளி.

பல்கீஸ் திரும்பிப் பார்த்தார். "அய்யோ அம்மா, கோவில்பட்டிக்கே வந்துட்டோமே! வண்டியத் திருப்பச் சொல்லுதேன்!"

பத்திரகாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "எதுக்குத் திருப்பணும்? என் மக வீடு இங்கனதான் இருக்கு. நாளைக்கு வரணும்னு இருந்தேன். அடுத்த தெருவுல நிறுத்துங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

காதர் பாட்சா நிறுத்தினார், இன்ஜினை அணைக்காமல். மூவரும் இறங்கிப் போய்ச் சாப்பிட்டார்கள்.