நல்லதண்ணியில் பாடிய பெட்டி

ரேடியோவும் இசைத்தட்டும் சேர்ந்து பாடும் பழைய மரப்பெட்டி ரேடியோகிராம்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்பவன் நான். நல்லதண்ணி என்ற மலையடிவார ஊரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அப்படியொன்று இன்னும் பாடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். உண்மைதான். யாத்திரை போய் மலை இறங்கியவர்கள் கால்வலியை மறந்து அதைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

கடைக்கார அம்மா கம்பளித் தொப்பியும் வாய் நிறைய வெற்றிலையுமாக இருந்தார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவார், அடுத்தது பாடும்.

விலை பேசும் சாக்கில் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு கைப்பேசியும் சின்ன ஸ்பீக்கரும்தான் கிடந்தன.

"சத்தம் போடாதீங்க தம்பி," என்று கிசுகிசுத்தார். "பெட்டியப் பாக்க நின்னாத்தானே தேத்தண்ணி குடிப்பாங்க?"

அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்று, பெட்டிக்குள் மணி அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். அவர் பதறாமல் மூடியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, "கடையில ஆளு நிக்கிறாங்க, பொறகு பேசுறேன்" என்று சொல்லி மூடினார்.

பிறகு என்னைக் காட்டினார். "இவரு ரிப்பேர்காரரு. பெட்டி எப்படின்னு இவருகிட்டயே கேளுங்க."

அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன.

"இப்படியொரு பெட்டிய நான் எங்கயும் பாத்ததில்லைங்க," என்றேன்.

அவர் முகத்தில் ஒரு துளிச் சிரிப்புகூட இல்லை. எப்படி அடக்கினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.