காண்டாமிருகம் நின்ற இடம்

மின்னஞ்சல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. கனடாவில், லாசாலில் எங்கள் கட்டடத்தின் முன்னால் காரின் மேல் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு வாசித்தேன். ஆபிரிக்காவில் நான் நான்கு நாட்கள் தங்கிய விடுதியின் முகாமையாளர் எழுதியிருந்தார். நான் நடந்து போய்ப் படமெடுத்த பெண் காண்டாமிருகத்தைச் சுட்டுவிட்டார்கள். கொம்பை முகத்தின் ஒரு பகுதியோடு சேர்த்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். கன்று மூன்று நாட்கள் தாயின் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. பிறகு அதுவும் இறந்துவிட்டது.

இரண்டாவது பத்தியில் கேள்வி இருந்தது. அந்த விலங்கு நான் படமெடுத்த பள்ளத்துக்கு இடம் மாறியது மூன்று ஊழியர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களில் ஒருவர் என்னை அழைத்துப்போன வழிகாட்டி. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். அந்த இடத்தை நான் யாருக்காவது தெரிவித்தேனா?

தெரிவித்தேன்.

ஊரில் ஒன்பது ஆண்டுகள் ஒரு பத்திரிகைக்குப் படமெடுத்தவன் நான். இங்கே கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அந்தப் பயணம் எனக்கு நானே கொடுத்துக்கொண்டது. மனைவிக்கு முழங்கால் நோவு, அதனால் வரவில்லை. விடுதியில் தங்கியிருந்த மற்றவர்கள் ஜீப்பில் இருந்தபடியே விலங்கு பார்த்தார்கள். நடந்து போக விரும்பியவன் நான் ஒருவன்தான்.

வழிகாட்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஜீப்பை விட்டு இறங்குமுன் கமராவிலும் கைபேசியிலும் இடம் காட்டும் வசதியை நிறுத்தச் சொன்னார். இரண்டையும் வாங்கி, நிறுத்தியதைச் சரிபார்த்தார்.

“படத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள். எங்கே எடுத்தது என்று உங்கள் அம்மாவுக்கும் சொல்லக்கூடாது.”

அம்மா உயிரோடு இல்லை என்றேன்.

“அப்படியென்றால் என் வேலை சுலபம்” என்றார்.

அவரிடம் ஒரு துப்பாக்கியும், சாம்பல் நிரப்பிய சிறிய துணிப்பையும் இருந்தன. இருபது அடிக்கு ஒருமுறை பையை உதறுவார். சாம்பல் எங்கள் முகத்துக்கு வந்தால் காற்று சரி, நடக்கலாம். எதிர்ப்பக்கம் போனால் வந்த வழியே திரும்பிச் சுற்றவேண்டும். மூன்று முறை சுற்றினோம். காண்டாமிருகத்துக்குப் பார்வை மோசம். மூக்கும் காதும்தான் அதற்கு எல்லாம்.

முட்புதர்களுக்கு அப்பால் முதலில் முதுகு தெரிந்தது, காய்ந்த சேற்று நிறத்தில். உண்ணி கொத்தும் பறவைகள் இரண்டு அதன் மேல் இருந்தன. வலது காதில் அடையாளத்துக்காக வெட்டிய இரண்டு வடுக்கள். வயிற்றுக்குப் பின்னால் கன்று. எங்களுக்கும் அதற்கும் நாற்பது அடிதான் இருக்கும். சத்தமில்லாத முறையில் பதினேழு படங்கள் எடுத்தேன். பதினெட்டாவதற்கு முன் வழிகாட்டியின் கை என் தோளை அழுத்தியது. பறவைகள் கத்திக்கொண்டு எழும்பின. அது எங்கள் பக்கம் திரும்பி இரண்டு அடி வைத்தது. காதுகள் தனித்தனியாக அசைந்தன. என் முன்னால் இருந்த மரம் என் கைப்பருமன்தான். ஒரு நிமிடம் போல நின்றுவிட்டு, கன்றோடு திரும்பி நடந்தது.

அது போனபிறகு என்னை உட்காரச் சொல்லிவிட்டு வழிகாட்டி பாதை பார்க்க முன்னால் போனார். கைபேசியை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடு இருந்தது. மனைவியின் செய்திகள் ஆறு கிடந்தன. கடைசிச் செய்தி: “எங்கை நிக்கிறியள்? உயிரோடை இருக்கிறியளோ?”

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போனவர் போன இடத்தை அறிவிக்கவேண்டும். என் மனைவியின் மூத்த அண்ணன் யுத்த காலத்தில் சைக்கிளில் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனவர் திரும்பவில்லை. எந்தச் சந்தியில் வைத்துப் பிடித்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. தேடத் தொடங்குவதற்குக்கூட ஓர் இடம் இருக்கவில்லை. அதனால் இன்று இங்கே கடைக்குப் போனாலும் வட்ஸ்அப்பில் இடக்குறி அனுப்புவோம்.

நிறுத்திய வசதியைத் திரும்ப இயக்கி, இடக்குறியை அனுப்பினேன். கமராத் திரையில் தெரிந்த படத்தையும் கைபேசியால் எடுத்து அனுப்பினேன். வழிகாட்டி சொன்னதை நான் மறக்கவில்லை. மனைவிக்குச் சொல்வது வெளியிடுவது ஆகாது என்று நினைத்தேன். பத்திரிகையில் இருந்தவன் செய்யக்கூடாத கணிப்பு அது.

மனைவி இரண்டையும் லவாலில் இருக்கும் தன் தம்பிக்கு அனுப்பினார். அவன் படத்தையும் வரைபடத்தையும் பேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போட்டான். நான் திரும்பி வந்த அன்று விமான நிலையத்துக்கு வந்தவன் பெட்டியை வாங்கிக்கொண்டே சொன்னான்:

“உதைப் பாக்க ஆபிரிக்கா போகவேணுமே அத்தான்? என்ரை வேலையிடத்துப் பொஸ்ஸைக் காட்டியிருப்பனே. கொம்பு மட்டும்தான் இல்லை.”

சிரித்தேன். வரைபடமும் போட்டிருக்கிறான் என்று எனக்கு அப்போது தெரியாது. மின்னஞ்சல் வந்த பிறகு கேட்டபோதுதான் சொன்னான். அந்தப் பதிவு இருந்தால் வழிகாட்டியைக் காப்பாற்றலாம். இடம் வெளியே போன வழியும் நாளும் அதில் இருந்தன.

அன்று பின்னேரமே அவன் அதை அழித்துவிட்டான். குடும்பத்தில் படம் போயிருந்த எல்லோருக்கும் அழிக்கச் சொல்லியும் விட்டான். எங்கள் ஆட்கள் அழி என்றால் அழிப்பார்கள். ஏன் என்று கேட்பது பிறகு. ராணுவச் சுற்றிவளைப்பு வருகிறது என்று கேள்விப்பட்டு, நானே ஒருமுறை இரண்டு பெட்டி நெகட்டிவ்களைக் கிணற்றடியில் எரித்திருக்கிறேன்.

“இனிப் பயமில்லை அத்தான்” என்றான் தொலைபேசியில். “ஒருத்தரிட்டையும் ஒண்டும் இல்லை.”

“அந்த மனுசனைக் காப்பாத்த இருந்தது அது ஒண்டுதான் மச்சான்.”

“எந்த மனுசன்?” என்றான்.

என் கைபேசியைத் திறந்தேன். மனைவியோடு கதைத்தவை அங்கேயும் இல்லை. நான் குளிக்கப் போயிருந்த நேரம் அவரே அழித்திருந்தார்.

“நீங்கள் ஒண்டும் எழுதவேண்டாம்” என்றார். “அண்ணை வீட்டிலையிருந்து சைக்கிளிலை வெளிக்கிட்டதைக் கண்டனான் எண்டு வாக்குமூலம் குடுத்த முன்வீட்டுக்காரருக்கு என்ன நடந்தது? மறந்துபோனியளோ?”

“இது கனடா.”

“மிருகம் செத்தது கனடாவிலையோ?”

முன்வீட்டுக்காரர் வாக்குமூலம் கொடுத்த மறுவாரம் அவரையும் கொண்டுபோனார்கள். நான் மறக்கவில்லை. பதினொரு நாட்கள் எழுதாமல் இருந்தேன். மனைவி தடுத்தார் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஒவ்வொரு காலையும் எழுத உட்கார்ந்தேன். பிறகு கார்ப் பனியைத் தள்ளப் போனேன்.

பன்னிரண்டாம் நாள் எழுதினேன். அனுப்பிய நேரம், யாருக்கு, அது எங்கே போனது, வழிகாட்டி என்னிடம் என்ன சொன்னார், நான் எப்படி மீறினேன் என்று ஒரு பக்கம். கடிதத்தை மனைவி வாசித்தார். பிறகு கைபேசியைத் திருப்பித் தந்தார்.

பதில் இரண்டு நாட்களில் வந்தது. மரியாதையான பதில். என் கடிதத்தைப் பொலிஸாரிடம் கொடுத்ததாக முகாமையாளர் எழுதியிருந்தார். அந்தப் பதிவையோ செய்தியையோ காட்டமுடியுமா என்று அவர்கள் கேட்டார்களாம். இல்லையென்றால், வழிகாட்டி மேல் பிரியம் வைத்த ஒரு விருந்தினரின் சொல்லாக மட்டுமே அதை எடுத்துக்கொள்ளமுடியும். வழிகாட்டியை எப்படியும் என் கடிதம் வருவதற்கு நான்கு நாட்கள் முன்பே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவருடைய தொடர்பு விவரங்களைத் தருவதற்கு விதி இடம் கொடுக்காது.

சமையலறையில் நின்று அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அடுப்பை அணைத்தார்.

“அவருக்குப் பிள்ளையள் இருக்கே?”

“தெரியாது” என்றேன்.

“ரெண்டு மணித்தியாலம் அவரோடை நடந்தனியள்.”

“ஓம். கேக்கேல்லை.”