கக்கூஸ் மூலையில் ஒரு ட்ராயிங்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதில் கோட்டைவிட்டவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அந்தக் கம்ப்யூட்டர் திரை ஞாபகம் வந்தாலே வாய் கசக்கிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஷெட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. எந்தப் பாகத்தைக் கடைவதானாலும் அதன் ட்ராயிங்கை அதில்தான் தேட வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும். என்னைப் போன்றவர்கள் குத்துமதிப்பாகத் திறந்து திறந்து மூடுவோம்.

பொன்னேரியிலிருந்து ரயிலில் வரும், ட்ராயிங் போட்டுத் தரும் அக்கா இதைக் கவனித்திருக்கிறார். அவருக்குத் தற்காலிக வேலைதான். இரண்டு மாதம் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்தார். திரையில் எங்கள் ஷெட்டே மேலிருந்து பார்ப்பதுபோலத் தெரியும். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் லேத் வரிசை கிட்டே வரும். இன்னும் உருட்டினால் என் மெஷின். இன்னும் உருட்டினால் அதன்மேல் பரப்பி வைத்த ட்ராயிங்குகள். ஓர் எழுத்தும் படிக்க வேண்டாம். கக்கூஸைக்கூட விடாமல் வரைந்திருந்தார்.

"இன்னாக்கா, உள்ள யாரு குந்தினு கீறான்னும் காட்டுமா?" என்றேன்.

"நீதான்டா. வேல நேரத்துல வேற எவன் அங்க கீறான்?"

ஷெட்டே சிரித்தது.

மேனேஜருக்குப் பிடித்துவிட்டால் அக்காவின் வேலை நிரந்தரம் என்று பேச்சு. அவரிடம் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. வால்வு மூடியின் ட்ராயிங்கைக் கக்கூஸ் மூலைக்கு இழுத்துப் போய்ச் சுருக்கினேன். கடுகாகி, புள்ளியாகி, கண்ணுக்கே மறைந்தது. பக்கத்து லேத் நண்பனிடம் மட்டும் சொன்னேன். காலையில் அக்கா சரிபார்க்கும்போது மாட்டுவேன், திட்டுவார், சிரிப்போம் என்று கணக்கு. மறுநாள் ரயில் தாமதம். அக்கா வேர்க்க விறுவிறுக்க நேராக மேனேஜர் முன்னால்தான் வந்து நின்றார்.

மேனேஜர் கேட்டது அந்த மூடியைத்தான். என் மெஷின்மேல் அந்த இடம் காலி. அக்கா சக்கரத்தை முன்னே உருட்டினார், பின்னே உருட்டினார்.

"இன்னாம்மா இது, பசங்க வெளாட்ற கேமா?" என்றார் மேனேஜர்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "டேய், நேத்து இத்தப் பாத்தியாடா?"

சொன்னால் என் வேலை போகும்.

"இல்லக்கா."

பழைய ஃபோல்டரில் தேடி எடுப்பதற்குள் மேனேஜர் போய்விட்டார். அந்தத் திரையை எடுத்துவிட்டு, மாதக் கடைசியில் அக்காவையும் அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷ் படிக்கத் தடுமாறுகிற எனக்காகத்தான் அந்தத் திரையைச் செய்தார். அதன் பிறகு நான் மறுபடி குத்துமதிப்பாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ட்ராயிங்கை ஒளித்ததைக் குறும்பு என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த "இல்லக்கா"வுக்கு என்ன பெயர் வைப்பது?

எழுதியதை அந்த நண்பனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"நல்லாத்தான் எய்திக்கீற மச்சான், ஆனா எனக்கும் தெரியும்னு மட்டும் போட்றாத."