கல்தளமும் கடைசிப் பத்தியும்

காலை ஆறு இருபது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் சுவர். காரை உதிர்ந்த இடங்களில் பழைய நீலம், நீலம் உதிர்ந்த இடங்களில் செங்கல். சுவரடியில் ஒரு பூனை. குறிப்பேட்டில் இந்த வரிசையிலேயே எழுதினேன்.

எமர்ஜென்சி முடிந்தபின் வந்த இரண்டாவது குளிர்காலம் அது. டெல்லியில் ஓர் ஆங்கில நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதுவதை இடத்துக்குத் தக்க வெட்டுவது என் வேலை. லீவில் தெற்கே வந்தவன், ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு ஒரு பயணக் கட்டுரை தருவதாகச் சொல்லிவிட்டு, கிழக்குக் கடற்கரையிலிருந்த அந்தப் பழைய துறைமுக நகரத்துக்குப் போனேன். வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன ரோஜா நிற, வெளிர்நீல, மஞ்சள் வீடுகள். எந்தத் தெருவில் நின்றாலும் அதன் முடிவில் கடல்.

கையில் ஒரு பார்சல். டெல்லியில் மந்திர் மார்க் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடி அறையில் ஒரு நர்ஸ் இருந்தாள். அந்த ஊர்க்காரி. தெற்கே போகிறவர் தலையில் பார்சல் கட்டாமல் டெல்லித் தமிழர்கள் யாரையும் ரயிலேற விடமாட்டார்கள். அவள் கொடுத்தது அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை.

"அந்த ஊர் வெயிலுக்குக் கம்பளியா?" என்றேன்.

"மாதா கோயில் பூசைக்குப் போத்திக்கிட்டுப் போவும்ண்ணே. மக டெல்லில இருக்கான்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

அந்த அம்மாவை மஞ்சள் சுவர்த் தெரு முடியும் இடத்தில் கண்டுபிடித்தேன். கப்பல் சரக்கு இறக்கிய காலத்துக் கல்தளம் ஒன்று கடலோரமாகக் கிடந்தது. அதன்மேல் பழைய வலைகளை விரித்து, நெத்திலியும் வாளையும் காய வைத்திருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள். அவள் சால்வையை முகர்ந்து பார்த்து, மடித்து, மீன் படாத இடத்தில் வைத்தாள்.

"பேப்பர்ல எழுதுற தம்பின்னு மக லெட்டர் போட்டிருந்தா. இத எழுது. எங்கள இங்கேருந்து கெளப்பப் பாக்குறானுவ. டூரிஸ்ட்டு வர்ற எடமாம். மணல்ல போட்டு ஒணத்துன்னு சொல்றான் ஆபீசரு. மணல்ல போட்டா பல்லுல நறநறங்கும், எவன் வாங்குவான்? அவன் பொண்டாட்டிய வாங்கச் சொல்லு!"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "டெல்லி பேப்பர்ல வந்தா பயப்படுவானா, மாட்டானா?"

"எழுதறேம்மா" என்றேன்.

எழுதினேன். மஞ்சள் சுவரில் தொடங்கினேன். நான்காவது பத்தியில், 'கடலை நோக்கி நடப்பவரைத் தெருமுனையில் கருவாட்டு நாற்றம் வழிமறிக்கிறது' என்று ஒரு வாக்கியம். அந்த நாற்றம் யாருடைய சோறு, அந்தக் கல் ஏன் வேண்டும், யார் அவர்களை விரட்டுகிறார்கள் என்பதெல்லாம் கடைசி மூன்று பத்திகளில். முடிவு அவளுடைய கேள்வியோடு. அழகாக முடிகிறது என்று எனக்கே திருப்தி.

ஞாயிறு காலையில் பக்கத்தைப் பிரித்தால் கட்டுரைக்குக் கீழே பிரஷர் குக்கர் விளம்பரம். கடைசி நிமிடத்தில் வந்திருக்கிறது. கடைசி மூன்று பத்திகள் இல்லை. இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டுவது பத்திரிகை வழக்கம். பதினோரு வருஷம் நான் செய்த வேலை அதுதான். கீழே வைத்தது போய்விடும் என்பது அலுவலகத்தில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் அவளை நான் அங்கேதான் வைத்தேன், முடிவு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஐந்து வாரம் கழித்து நர்ஸ் டூட்டி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைப் புடவைகூட மாற்றவில்லை. கையில் ஊரிலிருந்து வந்த கடிதம். அதற்குள் நகல் எடுத்த என் கட்டுரை. நான்காவது பத்தியில் அடிக்கோடு.

"ஆபீசரு இத ஒட்டி நோட்டீஸ் போட்டிருக்கான்ணே, கோயில் கதவுல. டெல்லி பத்திரிகையே புகார் எழுதிருச்சாம். பத்து நாள்ல அந்தக் கல்தளத்தக் காலி பண்ணணுமாம்."

வெட்டியதைச் சொன்னேன். விளம்பரத்தைச் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

"நாத்தத்த மேல வெச்சீங்க, எங்கம்மாவ கீழ வெச்சீங்க. அப்படித்தானே?"

"ஆமாம்" என்றேன்.

"அச்சா" என்றாள். டெல்லியில் அந்தச் சொல்லை எவ்வளவோ விதமாகக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் காலை செய்தி ஆசிரியரிடம் போனேன். விட்டுப்போன பத்திகளைப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு திருத்தமாவது போடுங்கள் என்றேன். பஞ்சாபிக்காரர், நல்ல மனிதர் என்று பெயர். கட்டுரையை முழுதாகப் படித்தார்.

"அரே பாய், பிரசுரமானதில் எந்த வார்த்தை தப்பு?"

"எதுவும் தப்பில்லை."

"அப்புறம் எதைத் திருத்துவது? நாற்றம் அடித்ததா இல்லையா?"

"அடித்தது."

"பஸ், போதும். போய் வேலையைப் பார்."

பத்திகளை வாசகர் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். ஊழியர் கடிதம் போடுவதில்லை என்றார்கள். அந்த ஆபீசருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். அவற்றுக்குப் பதில் வந்தது. கட்டுரைக்கு நன்றி, மீண்டும் வாருங்கள் என்று. அதைக் கிழித்துப் போட்டேன். வைத்திருந்திருக்க வேண்டும்.

நர்ஸ் அடுத்த மாதம் அறையைக் காலி செய்து ஆஸ்பத்திரி விடுதிக்குப் போனாள். சாவியை என் மனைவியிடம் கொடுத்தாள்.

அந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன்பே கல்தளத்தில் கடலைப் பார்த்தபடி பன்னிரண்டு சிமெண்ட் பெஞ்சுகள் போட்டார்கள்.